ஒரு சுவிட்சுக்கு 36,698 ரூபாய்: லென்ஸைத் திறந்து பழுது பார்த்த பதிவு

கெட்டுப்போனது ஒரு சுவிட்ச். லென்ஸின் பக்கவாட்டில் ஏ.எஃப்., எம்.எஃப். என்று இரண்டே நிலைகளில் நகரும் சிறிய குமிழ். ஃபோகஸை லென்ஸ் தானாகச் செய்ய வேண்டுமா, நாம் கையால் செய்யப் போகிறோமா என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதைச் சரிசெய்ய சேவை மையம் கேட்ட தொகை 36,698 ரூபாய். லென்ஸ் வாங்கிய விலை 1,48,000 ரூபாய். ஸ்டுடியோ வருமானத்தில் கல்யாண ஆர்டர்களை நம்பித் தவணையில் வாங்கிய, 600 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் அது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி லென்ஸ் விலையில் கிட்டத்தட்ட கால் பங்கு.

இதைப் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நானே திறந்து சரிசெய்தேன். எப்படிச் செய்தேன், எங்கே கை வைக்கக் கூடாது, ஏன் இவ்வளவு கோபம் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் கேமரா தூக்குகிற எல்லோருக்கும் இந்தக் கோளாறு இன்றோ நாளையோ வரும்.

பூநாரைகள் தனுஷ்கோடியில் நிற்கும் மாதங்களில்தான் இது தொடங்கியது. கோதண்டராமர் கோவில் பக்கத்து ஆழமில்லாத நீர்ப்பரப்பில் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். பறவைகள் ஓடி எழும்பும் அந்த நொடியில் ஃபோகஸ் செத்துவிடும். வியூஃபைண்டர் மூலையில் எம்.எஃப். என்ற எழுத்து தெரியும், சுவிட்சோ ஏ.எஃப். பக்கமே இருக்கும். கட்டைவிரலால் குமிழை முன்னும் பின்னும் அசைத்தால் உயிர் வரும், பிறகு மறுபடி போகும். அதிகாலையில் தொல்லை அதிகம், வெயில் ஏறிய பின் குறைவு. இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு வழி காட்டியது. மோட்டார் கெட்டிருந்தால் நேரம் பார்த்துக் கெடாது. ஈரம் கூடும்போது கூடி, ஈரம் குறையும்போது குறைகிற கோளாறு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின் தொடர்புப் புள்ளிகளைத்தான்.

நண்பரின் கேமராவில் அதே லென்ஸைப் பொருத்தினேன், அதே தொல்லை. என் கேமராவில் வேறு லென்ஸ், ஒழுங்காக ஓடியது. லென்ஸ் கேமராவோடு இணையும் வளையமான மவுண்டில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பூசிய புள்ளிகளைத் துடைத்தும் பயனில்லை. கடைசியில் லென்ஸை ஆட்டாமல் குமிழை மட்டும் ஓரமாக மெல்ல அழுத்தினேன். அழுத்தினால் எம்.எஃப்., விட்டால் ஏ.எஃப். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இவ்வளவையும் எழுதி, சிறு வீடியோவும் எடுத்து இணைத்துத்தான் மதுரையில் கொடுத்தேன். அங்கிருந்து சென்னைக்குப் போனது. திரும்பி வந்தது ஒரு மதிப்பீட்டுத் தாள். பின்பக்க பேரல் யூனிட் (லென்ஸின் குழாய் போன்ற உடல்), மெயின் போர்டு இரண்டுக்கும் சேர்த்து 24,600, வேலைக்கூலி 6,500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,598. வேண்டாம் என்றால் பரிசோதனைக் கட்டணமாக வரியோடு 1,180 கட்டி, இருந்தபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு புகைப்படம்: ஒரு ஸ்க்ரூவின் தலைக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி சிவப்பு வட்டம், 'உப்பு அரிப்பு' என்று குறிப்பு.

தொலைபேசியில் கேட்டேன். சுவிட்ச் தனியாக வராது, பேரலோடு சேர்த்து ஒரே உதிரிபாக எண் என்றார்கள். மெயின் போர்டு என்ன பாவம் செய்தது என்றேன். உப்பு கண்ட லென்ஸில் போர்டை மாற்றாமல் செய்தால் வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். சுவிட்சைச் சுத்தம் செய்துபார்க்கலாமே என்று கேட்டதற்கு, அப்படி ஒரு வேலை எங்கள் பட்டியலிலேயே இல்லை என்று பதில் வந்தது. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுத்தம் செய்வது என்ற வேலையே இல்லாத ஒரு பட்டியலை எழுதியவர்கள் மேல்தான் கோபம்.

உத்தரவாதம் தர வேண்டியவர்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. இன்று துடைத்துக் கொடுத்து, மூன்று மாதத்தில் வேறொரு மூலையில் உப்பு பூத்தால் பழி அவர்கள் தலையில் விழும். ஆனால் அதற்கு வழி, வாடிக்கையாளரிடம் இரண்டு விலையைச் சொல்வது. சுத்தம் மட்டும் என்றால் இவ்வளவு, உத்தரவாதம் இல்லை. முழுவதும் மாற்றினால் இவ்வளவு, உத்தரவாதம் உண்டு. தேர்வு என் கையில் இருக்க வேண்டும். கால் லட்சத்தைத் தாண்டும் ஒரே வழியைக் காட்டிவிட்டு, பிடிக்காவிட்டால் எடுத்துப் போ என்பது சேவை ஆகாது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் தெறிப்பில் இருப்பது அது மட்டுமல்ல, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் அவ்வளவு வறண்ட காற்று எந்த மாதத்தில் வீசியிருக்கிறது? அதனால் லென்ஸில் படிந்த கடல் உப்பு முழுமையாகக் காய்வதே இல்லை. காய்ந்ததுபோல் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். அதில் மின்சாரமும் ஓடும், செம்பும் அரிக்கும்.

பாம்பன்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1914-ல் திறந்த ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கத் துருவோடுதான் போராட்டம். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்கிற ஊரில், முடியளவு செம்புத் தகட்டை நம்பி ஒரு லென்ஸ் வேலை செய்கிறது.

சுவிட்சுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வீட்டு விளக்கு சுவிட்சில் 230 வோல்ட் ஓடுகிறது. போட்டு நிறுத்தும்போது எழும் சிறு பொறி, தொடர்புப் புள்ளியில் படியும் அழுக்கைக் கொஞ்சம் எரித்துவிடும். லென்ஸ் சுவிட்சில் ஓடுவது சில வோல்ட், மிகச் சிறிய மின்னோட்டம். பொறி எழாது. படிந்த படலம் படிந்தபடியே இருக்கும். அதனால்தான் பொன்முலாம் பூசுகிறார்கள். அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அதில் இருக்கும் நுண்துளை வழியாக உப்புநீர் உள்ளே போனால் அடியில் உள்ள செம்பு அரித்து, களிம்பாக மேலே வந்துவிடும்.

லென்ஸைத் திறக்கலாம் என்ற துணிச்சல் எனக்குப் பாம்பனில் கிடைத்தது. படகுகளின் ஜி.பி.எஸ்., கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எல்லாப் பழுதும் அப்போதுதான் நடக்கும். நான் போனபோது அவர் மேசை முழுக்க திறந்த செட்டுகள், ஒவ்வொன்றிலும் படகின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். உப்பில் ஊறிய சர்க்யூட்டை உயிர்ப்பிப்பதில் இவரைப் போன்றவர்களுக்கு இருக்கும் அனுபவத்தை நான் எந்த ஏ.சி. சேவை மையத்திலும் பார்த்ததில்லை.

என் பையில் இருந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் புட்டியைப் பார்த்ததும், "இதை வைத்து முதலில் துடைக்கலாம் என்று நினைக்கிறீர்களா தம்பி? ஸ்பிரிட் உப்பைக் கரைக்காது. முதலில் பேட்டரித் தண்ணீர். அது உப்பை எடுக்கும். பிறகு ஸ்பிரிட், அது தண்ணீரை எடுக்கும்" என்றார். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு ஐசோபுரொப்பைலில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வெறும் ஆல்கஹாலால் துடைத்தால் உப்பு இடம் மாறும், போகாது. பேட்டரித் தண்ணீர் என்பது காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் உதவாது, நம் ஊர்க் குழாயில் வருவதே பாதி உப்பு.

கருவிகளில் முக்கியமானது ஸ்க்ரூடிரைவர். ஜப்பானிய கேமராக்களின் ஸ்க்ரூக்களில் இருக்கும் கூட்டல் குறி, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் முனைக்குப் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு அது. பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் வழுக்கிக்கொண்டு தலையைச் சிதைத்துவிடும். தலை சிதைந்த ஸ்க்ரூவை எடுக்கப் போய் லென்ஸையே பாழாக்கியவர்கள் உண்டு. ஜே.ஐ.எஸ். 00 அளவு முனை ஒன்றை 450 ரூபாய்க்கு வரவழைத்தேன். மற்றபடி மொபைல் கடைகளில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் நெம்பி, மென்மையான பிரஷ், பல்குத்தி, மல்டிமீட்டர், ஹேர் டிரையர்.

வேலையை என் வீட்டில் ஏ.சி. அறையில் தொடங்கினேன். குளிர்ச்சிக்காக அல்ல, ஈரப்பதம் குறையட்டும் என்று. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் வீடுகளில் மணல் இல்லாத காற்று ஏது? லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிவிட்டால் அதற்குள் மின்சாரம் கிடையாது. கேமரா உடலைத் திறக்க நினைப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உள்ளே ஃபிளாஷ் இருந்தால் அதன் கெப்பாசிட்டரில் பேட்டரியை எடுத்த பின்னும் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும்.

சுவிட்சுகள் இருக்கும் பலகையின்மேல் மெல்லிய கறுப்புத் தகடு ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, ஓரத்தில் நெம்பியை நுழைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எழுப்பினேன். அவசரப்பட்டால் தகடு மடிந்துவிடும்; மடிந்த தகடு பிறகு எவ்வளவு ஒட்டினாலும் ஓரம் தூக்கும். அடியில் நான்கு ஸ்க்ரூ. ஒரு தாளில் பலகையின் படம் வரைந்து, இருபக்கப் பசை டேப்பை ஒட்டி, எந்தத் துளையில் எந்த ஸ்க்ரூ இருந்ததோ அதே இடத்தில் ஒட்டிவைத்தேன். இதைத் தவறாமல் செய்ய வேண்டும். நான்கில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். அதை வேறு துளையில் முடுக்கினால் அடியில் ஓடும் நாடா கேபிளைக் குத்திவிடும். ஸ்க்ரூக்களில் தளராமல் இருக்கப் பசை போட்டிருப்பார்கள். இறுகியிருந்த ஒன்றின் தலையில் சூடான சால்டரிங் அயர்ன் நுனியைச் சில நொடி வைத்ததும் இளகிவிட்டது.

பலகையை உடனே இழுத்துவிடக் கூடாது. பின்னால் நாடா கேபிள் இருக்கிறது. அதன் சாக்கெட்டில் முடி கனத்தில் ஒரு மூடி. அதை நெம்பியால் மேலே தூக்கிய பிறகுதான் கேபிள் வழுக்கிக்கொண்டு வரும். மூடியோடு இழுத்தால் சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். அதன் பிறகு சேவை மையம் சொன்ன மெயின் போர்டு உண்மையிலேயே தேவைப்படும்.

பலகையை மட்டும் சிறு டப்பாவில் வைத்துப் பாம்பனுக்கு எடுத்துப் போனேன். அண்ணனின் மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோதுதான் நோய் முகம் காட்டியது. குமிழின் அடியில் மூன்று விரல் கொண்ட சின்னஞ்சிறு தகடு. குமிழ் நகரும்போது அந்த விரல்கள் பொன்முலாம் பூசிய பட்டைகளின்மேல் வழுக்கிச் செல்கின்றன. நடு விரலின் நுனியில், புளி போட்டுத் துலக்காத பித்தளை விளக்கின் இடுக்கில் இருப்பதுபோல் பச்சைக் களிம்பு. அதை ஒட்டி ஒரே ஒரு மணல். ஒளி ஊடுருவும் மணி, ஒரு முனை உடைந்து கூராக இருந்தது. குமிழைத் தள்ளும்போதெல்லாம் அந்த மணலின்மேல் விரல் ஏறி, பட்டையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. பட்டையின்மேல் மணல் கீறிய கோடும் தெரிந்தது. மல்டிமீட்டரில் ஏ.எஃப். நிலையின் மின்தடை 4 ஓமிலிருந்து 900 ஓம் வரை தாவியது. சில நேரம் இணைப்பே இல்லை என்று காட்டியது.

36,698 ரூபாயின் மூலகாரணத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். வெகுநேரம் பேச்சு வரவில்லை எனக்கு.

சுத்தம் செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். பேட்டரித் தண்ணீரில் தோய்த்த பிரஷால் ஒரே திசையில் வருடி மணலை வெளியே தள்ளினோம். களிம்பைத் தண்ணீரில் ஊறவைத்த பல்குத்தி முனையால் சுரண்டி எடுத்தோம். ரப்பர், உப்புத்தாள், கண்ணாடி இழைப் பேனா எதுவும் பொன்முலாமின்மேல் படக் கூடாது. சுத்தமாகிவிட்டதுபோல் பளபளக்கும், சில மாதத்தில் செம்பு வெளியே தெரிந்து பழைய கதை திரும்பும். மறுபடி தண்ணீர், பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல், பிறகு காற்று. படுத்துப்போயிருந்த நடு விரலை அண்ணன் ஊசி முனையால் தூக்கிவிட்டார். எவ்வளவு தூக்கினார் என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதிகம் தூக்கினால் பட்டையைக் கீறிவிடும். இந்தக் கைவேலைக்கு அவர் 500 ரூபாய் வாங்கினார். எனக்கு அது குறைவாகவே பட்டது. மீட்டரில் மின்தடை 0.6 ஓம், குமிழை எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்த எண் மாறவில்லை.

பலகையை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரவு முழுக்க மூடிவைத்து, மறுநாள் ஏ.சி. அறையிலேயே பொருத்தினேன். ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடினால் செய்த வேலை வீண். அரிசி டின்னில் புதைத்துவைக்கச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். தவிட்டுத்தூள் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

கச்சான் காற்று மணலை வாரி இறைத்த ஒரு காலையில் அரிச்சல்முனையில் ஆலாக்களைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தேன். ஃபோகஸ் ஒருமுறைகூட அறுபடவில்லை. ஆலா தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும் வரை லென்ஸ் அதை விடாமல் பிடித்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடிப் பகுதியைத் திறந்துவிட வேண்டாம். சுவிட்ச் பலகை, மவுண்ட் புள்ளிகள், வெளி ரப்பர் வளையம், டிரைபாட் வளையம் இவற்றோடு நம் எல்லை முடிகிறது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழுக்களும் அதிர்வைத் தடுக்கும் குழுவும் இம்மி பிசகாமல் மையத்தில் நிற்க வேண்டும். அவற்றைச் சரிபார்க்கத் தனிக் கருவி உண்டு. அங்கே கோளாறு என்றால் சேவை மையத்துக்குப் பணம் கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. அறிவுக்கும் கருவிக்கும் விலை உண்டு. மணல் எடுக்க மெயின் போர்டு விலை கேட்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் நாட்டில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசியும் டேப்லெட்டும், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். அந்த நான்கில் கேமரா தனியாக இல்லை. இருக்க வேண்டும். கல்யாண வீட்டுப் புகைப்படக்காரருக்கு லென்ஸ் பிழைப்புக் கருவி, உழவருக்கு டிராக்டர் எப்படியோ அப்படித்தான். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: சுவிட்ச் பலகையைத் தனி உதிரிபாகமாக விற்க வேண்டும், கழற்றும் வரைபடத்தை வெளியிட வேண்டும், சுத்தம் செய்வதை ஒரு வேலையாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரை சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். இனி இந்தக் கடற்கரைக்கு வரும் லென்ஸ்கள் கூடுமே தவிர குறையாது.

ஒரே ஒரு குறை மீதி இருக்கிறது. பலகைக்கும் பேரலுக்கும் இடையில் இருந்த மெல்லிய நுரை அடைப்பான் கழற்றும்போதே பொடிந்துவிட்டது. மணல் உள்ளே போன வழியும் அதுதான். அதைச் சேவை மையத்தில் கேட்டேன், வெளியே விற்பதில்லை என்றார்கள். இப்போதைக்கு அரை மில்லிமீட்டர் நுரை டேப்பை அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன். வாசலின் தடவி அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், பெட்ரோலியப் பொருள் சில வகை ரப்பரை ஊதவைக்கும். கடற்கரைக்குப் போகும் நாட்களில் சுவிட்ச் பலகை முழுவதையும் துணி டேப்பால் மூடிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் டேப்பை உரிக்க வேண்டும். அதை அன்றன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்த டேப்பின் பசை இளகி, பிறகு குமிழின் இடுக்குக்குள் இறங்கிவிடும்.